எந்த முனுசாமி? சர்நேமும் போரும்: ஓர் எளிய விளக்கம்

காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் மட்டும்தான். பாஸ்போர்ட் விண்ணப்பம், ஆதார் திருத்தம், மிலிட்டரி பென்ஷன் பேப்பர், இவைதான் பிழைப்பு. வேலூர் வட்டாரத்தில் மிலிட்டரி பேப்பருக்குப் பஞ்சமே கிடையாது. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அவ்வளவு பேர் அங்கிருந்து பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு பாட்டி மஞ்சப்பையோடு வந்தார். இறந்துபோன கணவருடைய டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாம் உள்ளே இருந்தன. ஆள் ஒருவர்தான். ஆனால் ஒன்றில் முனிசாமி, ஒன்றில் முனுசாமி ஜி, ஒன்றில் கோவிந்தன் முனுசாமி, இன்னொன்றில் கோ. முனுசாமி. (உண்மைப் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) "எங்க வூட்டுக்காரரு ஒரே ஆளுதாம்பா. இவுங்களா நாலு ஆளாக்கிட்டாங்க" என்றார் பாட்டி.

வரிசையில் நின்ற ஒரு முன்னாள் ஹவில்தார், "நமக்கு சர்நேமே கிடையாதும்மா, அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்றார். பக்கத்தில் இருந்த பையன், "இல்ல சார், நம்ம இனிஷியல்தான் சர்நேம்" என்றான். இருவர் சொன்னதும் பாதி சரி, பாதி தப்பு. இந்தப் பேச்சு வாரத்துக்கு ஒரு தடவையாவது கடையில் ஓடுகிறது. மிலிட்டரி ஊர் என்பதால் எப்படியும் போரில்தான் போய் முடியும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஊர் எப்படி ஆளைப் பிரிக்கிறது

ஒரே தெருவில் மூன்று முனுசாமி இருந்தாலும் ஊருக்குள் குழப்பமே வராது. கிணத்தடி முனுசாமி, பீடிக்கடை முனுசாமி, மிலிட்டரிக்காரர் வீட்டு முனுசாமி என்று ஊரே பிரித்துவிடும். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்கள் இல்லை. ஆனால் அவை ஊர் எல்லை வரைக்கும்தான் செல்லும். குடியாத்தம் பஸ் ஏறிவிட்டால் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

உலகத்தில் பல சர்நேம்கள் இப்படிப்பட்ட ஒட்டுப்பெயர் கெட்டிப்பட்டு வந்தவைதான். ஆங்கிலத்தில் ஸ்மித் என்றால் கொல்லர். என்றைக்கோ ஒருவர் பட்டறை போட்டிருக்கிறார். பட்டறை போயிற்று, பெயர் கொள்ளுப்பேரன் வரை நிற்கிறது. வடக்கே பக்ஷி என்ற குடும்பப் பெயர் இருக்கிறதே, அது முகலாயப் படையில் சம்பளம் பட்டுவாடா செய்த அதிகாரியின் பதவிப் பெயர். கில்லேதார் என்றால் கோட்டைக்குப் பொறுப்பான அதிகாரி. நம் வேலூர்க் கோட்டைக்கும் நவாப் காலத்தில் கில்லேதார் இருந்தார். மராட்டியப் பக்கம் அதே சொல் குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது.

நம் ஊர்களில் 'சுபேதார் வீடு', 'ஹவில்தார் வீடு' என்று சொல்கிறோமே, அதுவும் இதே வகைப் பெயர்தான். பதிவேட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். ஏறியிருந்தால் இன்றைக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன் 'செல்வம் சுபேதார்' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பான்.

நூலும் சங்கிலியும்

சரி, சர்நேம் என்றால் என்ன? அப்பா, பிள்ளை, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருகிற குடும்பப் பெயர். இதில் 'மாறாமல்' என்பதுதான் முக்கியம். பூக்காரம்மா சரம் தொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பூ எத்தனை வந்தாலும் உள்ளே ஓடுவது ஒரே நூல். சர்நேம் அந்த நூல்.

நம்முடைய இனிஷியல், அதாவது தலைப்பெழுத்து, பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்து. அப்பா பெயரைக் கொண்டு பிள்ளையைச் சொல்லும் இந்த வழக்கத்துக்குத் தந்தைவழிப் பெயர் என்று பெயர். கோவிந்தன் மகன் கோ. முனுசாமி. அவர் மகன் மு. செல்வம். அவர் மகள் செ. கவிதா. இது நூல் இல்லை, சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியை மட்டும்தான் பிடித்திருக்கும். கோவிந்தனும் கவிதாவும் ஒரே குடும்பம் என்று வெறும் பெயரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தமிழ் தெரியாத குமாஸ்தாவுக்கு முனுசாமியும் செல்வமும் அப்பா பிள்ளை என்றே தெரியாது. கோ எங்கே, மு எங்கே!

அப்போ நமக்கு சர்நேமே இருந்ததில்லையா என்றால், அதுவும் முழுக்கச் சரியில்லை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது இங்கேயும் இருந்தது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த இயக்கத்தின் தாக்கத்தில் தமிழ்நாட்டில் அது மெல்ல மெல்ல உதிர்ந்தது. வேறு மாநிலத்துக்காரர் "உங்க சர்நேம் என்ன?" என்று கேட்டால் பல நேரம் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். நம் ஆட்கள் பாதிப் பேர் அதனால்தான் சிரித்து மழுப்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

இதோடு, நம் வடாற்காட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இங்கே தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு 'இன்டி பேரு' உண்டு. வீட்டுப் பெயர் என்று அர்த்தம், தலைமுறை தாண்டி வருவது, அசல் சர்நேம். ஆனால் அதையும் இனிஷியலாகச் சுருக்கிப் பெயருக்கு முன்னால்தான் போடுவார்கள். ஆக ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கு 'கே' என்று இனிஷியல் இருக்கலாம். ஒருவருக்கு அது அப்பா பெயர், இன்னொருவருக்குக் குடும்பப் பெயர். எழுத்தைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது, கேட்டால்தான் தெரியும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: சர்நேம் தலைமுறைகளைக் கோக்கும் நூல். இனிஷியல் பெரும்பாலும் ஒரே ஒரு தலைமுறையைப் பிடிக்கும் கண்ணி. ஊருக்குள் இரண்டுமே தேவைப்படுவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் நம்மை ஏட்டில் எழுத உட்காரும்போதுதான் தேவை வருகிறது.

போரில் எது தேவைப்படுகிறது

முன்பின் தெரியாதவர்கள் அவசரமாக, ஆயிரக்கணக்கில் ஆளை எழுதிக்கொள்ளும் காலம்தான் போர். ஆள் சாவது வேறு எங்கோ. பக்கத்தில் கிணத்தடியும் இல்லை, பீடிக்கடையும் இல்லை. அப்போது மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். இவர் யார்? எந்த வீட்டுப் பிள்ளை? யாருக்குத் தகவல் சொல்வது, யாருக்குப் பணம் கொடுப்பது?

முதல் கேள்விக்குப் பதில் பெயர் இல்லை, நம்பர். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு படை எண். நம் ஆட்கள் 'ஆர்மி நம்பர்' என்பார்கள். பெயரை நாலு விதமாக எழுதலாம், நம்பரை ஒரே விதமாகத்தான் எழுத முடியும். ரிட்டயர் ஆகி முப்பது வருஷம் ஆன பெரியவர்கள்கூட, போன் நம்பரை மறப்பார்கள், ஆர்மி நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றாவது கேள்விக்கு 'நெக்ஸ்ட் ஆஃப் கின்', அதாவது தகவலுக்கும் பணத்துக்கும் உரிய நெருங்கிய உறவு. நடுக்கேள்விக்குத்தான் அப்பா பெயர், ஊர், தாலுகா, ஜில்லா.

பாட்டியின் டிஸ்சார்ஜ் புக்கில் இது அப்படியே இருந்தது. அட்டை தோல்போல உரிந்து, மடிப்பில் செல்லோடேப் ஒட்டி, உள்ளே டைப்ரைட்டர் எழுத்து பாதி மங்கியிருந்தது. நம்பர். பெயர். தகப்பனார் பெயர். கிராமம், தபால், தாலுகா குடியாத்தம், ஜில்லா வடஆற்காடு. அங்க அடையாளம்: இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம். நெருங்கிய உறவு என்ற இடத்தில் முதலில் ஒரு பெண் பெயர், பக்கத்தில் 'தாய்'. அதன் மேல் மசியால் ஒரு கோடு. கீழே கையெழுத்தில் பாட்டியின் பெயர், 'மனைவி', ஒரு தேதி. கல்யாணம் ஆனவுடன் யூனிட்டில் 'பார்ட் டூ ஆர்டர்' போட்டிருக்கிறார்கள். சிப்பாயின் கல்யாணம், குழந்தை போன்ற குடும்ப மாற்றங்களை ஏட்டில் ஏற்றும் ஆணை அது. சர்நேம் என்று ஒரு கட்டம் அந்தப் பக்கம் முழுக்கத் தேடினேன், இல்லை. அது இல்லாமலே ஆளையும் வீட்டையும் கட்டிவிட்டார்கள்.

இந்தக் கட்டு அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க லாங் பஜார் மணிக்கூண்டுக்குப் போங்கள். அங்கே ஒரு கல் இருக்கிறது. முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. பெயர்? ஒன்றுகூட இல்லை. வெறும் எண்ணிக்கை. இப்படிப்பட்ட கற்கள் இந்தியா முழுக்க உண்டு. அந்தப் 14 பேர் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும், அதனால் எழுதவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இராக்கில் இருக்கும் பஸ்ரா நினைவகத்துக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. அங்கே 40,000-க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியப் படைப்பிரிவுகளில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கைதான். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 1917-இல் தொடங்கியது, எல்லோருக்கும் சமமான நினைவு என்பதுதான் அதன் கொள்கை. அந்தக் கொள்கை ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களிடம் நடக்கவில்லை என்று அவர்களே அமைத்த குழு 2021-இல் அறிக்கை கொடுத்தது. குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்பது அவர்கள் கணக்கு. 'அவர்களுக்கு சர்நேம் இல்லை, அதனால் எழுத முடியவில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாம் உலகப்போர் ஏடுகளில் 'இன்னார் மகன், வடஆற்காடு, இன்ன ஊர், இன்னார் கணவர்' என்று அதே ஆணையம் நம் ஆட்களை அழகாக எழுதியிருக்கிறது. எழுத மனம் இருந்தால் வழி இருந்தது.

பெயரே குற்றமாகும்போது

மேலே சொன்னது பெயரின் நல்ல வேலை, ஆளை வீட்டோடு கட்டுவது. அதே கயிறு ஆளைப் பிடிக்கவும் உதவும். எதிரி நாட்டுப் பெயர் வைத்திருந்தாலே சந்தேகம் வரும்.

இதில் மாட்டியவர்களில் பெரிய இடம் இங்கிலாந்து அரச குடும்பம். ஜெர்மன் வழிவந்த அவர்கள் குடும்பப் பெயர் சாக்ஸ்-கோபர்க்-கோதா. 1917-இல் லண்டன் மேல் குண்டு போட்ட ஜெர்மன் விமானத்தின் பெயரும் கோதா. வேறு வினையே வேண்டாம். அந்த ஜூலையில் ஐந்தாம் ஜார்ஜ் குடும்பப் பெயரை விண்ட்சர் என்று மாற்றிக்கொண்டார். உறவுக்காரர்களான பேட்டன்பெர்க் குடும்பம் தன் பெயரை மொழிபெயர்த்தே விட்டது. ஜெர்மனில் 'பெர்க்' என்றால் மலை, ஆங்கிலத்தில் 'மவுண்ட்'. ஆம், 1947-இல் நம்மிடம் ஆட்சியை ஒப்படைத்த மவுண்ட்பேட்டன் அந்த வீட்டுப் பிள்ளைதான். அவருடைய அப்பா பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பதவியில் இருந்தவர், ஜெர்மன் பிறப்பு என்ற புகைச்சலில் 1914 அக்டோபரிலேயே பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தின மாதம், செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டுவிட்டுப் போனது. எம்டன் ஜெர்மனியில் ஒரு ஊர், கப்பலுக்கு அதன் பெயர். நவம்பரில் கப்பல் ஒழிந்தது, சொல் ஒழியவில்லை. இங்கே இன்றும் சூட்டிகையான ஆளை, பொல்லாத ஆளை "அவன் சரியான எம்டன்" என்கிறோம். அங்கே, அந்தக் கப்பலில் இருந்து பிழைத்தவர்கள் தங்கள் சர்நேமோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கும் அது தொடரும். ஒரே சொல், ஒரே குண்டுவீச்சு. அவர்களுக்குக் கௌரவக் குடும்பப் பெயர், நமக்குத் திட்டும் பாராட்டும் கலந்த பட்டப்பெயர்.

மேலே சொன்ன மாற்றமெல்லாம் தாங்களாகச் செய்துகொண்டவை. அரசாங்கமே பெயரில் கை வைப்பது வேறு கதை. ஜெர்மனியில் யூதர் பலருக்கு அக்கம்பக்கத்து ஜெர்மானியர் மாதிரியே சர்நேம் இருந்தது, அதை வைத்துப் பிரிக்க முடியவில்லை. அதனால் நாஜி அரசு 1938 ஆகஸ்டில் ஆணை போட்டது: யூதப் பெயர் என்று தாங்கள் வைத்திருக்கும் பட்டியலில் பெயர் இல்லாத யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் 1939 ஜனவரி முதல் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். போர் தொடங்க இன்னும் எட்டு மாதம் இருந்தது. கொரியாவில் நேர்மாறு. 1940-இல் ஜப்பான், தன் ஆட்சியில் இருந்த கொரியர்களை ஜப்பானியப் பாணிக் குடும்பப் பெயருக்கு மாறச் சொல்லி நெருக்கியது. ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குப் பேர் பதிவு செய்தார்கள். முதலாமவர் பிரித்துக் காட்டப் பெயரைத் திணித்தார், இரண்டாமவர் கரைத்துவிடப் பெயரைத் திணித்தார்.

ஈழத்தில் பார்த்தது இன்னொரு வகை, இயக்கப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை விட்டு வேறு பெயரில் வாழ்வது. பெயர் வெளியே தெரிந்தாலும் வீடு எது என்று தெரியாது. கட்டைத் தானே அறுத்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குள் ஒரு கண்ணுசாமி

சர்நேம் இருந்தால்தானே இந்தத் தொல்லை, நமக்கில்லை என்று நினைத்தால், கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள்.

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அது 1798-இல் பட்டம் ஏறும்போது வந்த பெயர். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரைப் பக்கமிருந்து போன நாயக்கர் உறவுமுறை. நம் தெருவில் கூப்பிட்டால் ரெண்டு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர். 1815-இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து அவரைச் சிறைப்பிடித்தார்கள், அடுத்த வருஷம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில்தான் அடக்கம்.

1815 மார்ச்சில் எழுதிய கண்டி ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அரசருக்கு ரத்த உறவோ சம்பந்தி உறவோ, மேல் தலைமுறையோ கீழ்த் தலைமுறையோ பக்கக் கிளையோ, யாராக இருந்தாலும் கண்டி அரசாங்கத்துக்கு எதிரி, எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வரக்கூடாது என்கிறது. உறவு என்று சொல்லிக்கொள்கிறவர்களையும் சேர்த்துத்தான். வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் திரும்பக் கூடாது. அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரை அப்படித்தான் குறித்தார்கள்.

நிதானமாகப் படித்தால் விஷயம் புரியும். அந்த உறவினருக்குப் பொதுவான சர்நேம் கிடையாது. அதனால் ஒப்பந்தம் எழுதியவர்கள் உறவுமுறையையே வாய்ப்பாடு மாதிரி விரித்து எழுதியிருக்கிறார்கள். சர்நேம் இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும் வேலை.

ஆக, இந்தப் பகுதியில் பார்த்தது: போர்க்காலத்தில் பெயர் இரண்டு திசையில் இழுக்கும். வீட்டோடு கட்டும், எதிரி என்று காட்டியும் கொடுக்கும். சர்நேம் இருந்தால் இரண்டும் சுலபம். இல்லாவிட்டால் அரசாங்கம் உறவு, ஊர், மொழி என்று வேறு கயிறு தேடும்.

பழைய ஏட்டில் தாத்தாவைத் தேடினால்

கடையில் அடிக்கடி சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். காமன்வெல்த் ஆணையத்தின் இணையப் பதிவில் கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர்கள் 'சர்நேம்' கட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரையே போட்டுப் பாருங்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களை அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். ஸ்பெல்லிங்கை விட்டுக்கொடுங்கள். முனுசாமி, முனிசாமி, முனிஸ்வாமி எல்லாம் போட வேண்டும். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார், நம் வாய் 'முன்சாமி' என்றுதான் சொல்லியிருக்கும்.

அப்புறம் ஜில்லா. வடஆற்காடு என்று இருந்தால் இன்றைய வேலூர் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 1911 வரை சித்தூரே வடஆற்காட்டில்தான் இருந்தது, தலைமையிடமும் அதுதான். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை, வீடு மாறாமலே மூன்று ஜில்லாவில் பதிவாகியிருக்கலாம்.

இன்றைய படிவத்துக்கு வந்தால், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தை வெறுமனே விடுவது பின்னால் இடிக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்றது. பிறகு, கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று இறங்கிவந்தது. நான் எல்லோருக்கும் அப்பா பெயரை முழுதாகப் போடச் சொல்கிறேன். அது உண்மையில் சர்நேம் இல்லைதான். ஆனால் எல்லாப் பேப்பரிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

பாட்டிக்கும் அதைத்தான் செய்தோம். நாலு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம், அதில் முதல் வரியில் ஆர்மி நம்பர். டைப் அடித்துக்கொண்டே, "விலாசம் சொல்லுங்கம்மா, டோர் நம்பர் என்ன?" என்றேன்.

"டோர் நம்பரு யாருக்குத் தெரியும். மிலிட்டரிக்காரர் வூடுன்னு போடு. போஸ்ட்மேனுக்குத் தெரியும்."